12 வோல்ட் ட்ரில்லு, கரண்ட் அடிக்காதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க

பேட்டரி செத்துப்போன 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்லை நேராக வீட்டு கரண்டில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கடைகள் கோவையில் உண்டு. காந்திபுரம் பக்கம் அப்படி ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து மாற்றி வாங்கி வந்தேன். ட்ரில்லோடு சேர்த்துக் கொடுத்த கரண்ட் பெட்டி என் அண்ணன் பையனுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. பையன் நல்லா இருக்கான். ஆனால் அதே கடையில் அதே பெட்டியை வாங்கிப்போன மற்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படி மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. புது பேட்டரி விலை கிட்டத்தட்ட புது ட்ரில் விலைக்கு வந்துவிடுகிறது. ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலைதான். எங்களுக்குச் செய்தது ஒழுங்கான வேலை இல்லை.

ட்ரில்லின் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயர் இழுத்து, வீட்டு கரண்டை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்றோடு சேர்த்திருந்தார்கள். எல்இடி போர்டு, கேமரா வேலைக்கெல்லாம் போடுவார்களே, ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளித் தகரப் பெட்டி, அதுதான். ஒயர் சேருகிற இடம் முழுக்கக் கருப்பு டேப் சுற்றியிருந்தது. ப்ளக் இரண்டு பின். அதைப் பார்த்ததும், "ஏனுங்க, எர்த் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ளயே குடுத்திருக்குதுங்க. இது 12 வோல்ட்டுதானுங்க, கரண்டே அடிக்காது" என்றார். அங்கேயே ஓட்டிக் காட்டினார், பெட்டி மேல் கையை வைத்தும் காட்டினார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பையன் ஒரு கையில், பொருளை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியைத் தள்ளி வைக்கப் போனான். "சித்தப்பா!" என்று கத்திக்கொண்டே கையை உதறி எடுத்தான். தோள்பட்டை வரைக்கும் இழுத்ததாம். மெயின் போர்டில், கரண்ட் அதிகமானால் விழுகிற எம்சிபியும் விழவில்லை, கரண்ட் கசிந்தால் விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் விழவில்லை.

கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் கொண்டுபோனேன். ப்ளக்கைச் செருகி, டெஸ்டரைத் தகரத்தில் வைத்தார். எரியவில்லை. ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகி மறுபடி வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "கடையில உனக்கு இந்தப் பக்கம் செருகிக் காட்டியிருப்பான் மாப்ள" என்றார். இரண்டு பின் ப்ளக்கை எப்படி வேண்டுமானாலும் செருகலாம். பேஸ், அதாவது கரண்ட் வருகிற ஒயர், எந்தக் காலில் வருகிறது என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

பிறகு டேப்பை உரித்தார். வரிசையாக ஸ்குரூக்கள். பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஒயர் இருந்தது. எர்த் ஸ்குரூ காலி. அதன் தலையில் ஸ்குரூடிரைவர் பட்ட கீறல்கூட இல்லை, கடையில் யாரும் அதைத் தொட்டதே கிடையாது. மூடியைத் திறந்தால் போர்டில் மறுபடி பற்றவைத்த ஈயம். பேஸுக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய நீல நிற கெபாசிட்டருக்குப் பதிலாக, 104 என்று போட்ட சாதா கெபாசிட்டர். நியூட்ரல் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. ரிப்பேர் செய்த பழைய பெட்டியைப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

அந்த நீல கெபாசிட்டருக்கு ஒய் கெபாசிட்டர் என்று பேர். கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி அதற்கென்றே தயாரிப்பது. பொதுவாக 222 அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் அது கசிய விடுவது 0.16 மில்லி ஆம்பியர்தான், தொட்டால் லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான். இந்த எண்களில் கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்லும்: 222 என்றால் 2,200, 104 என்றால் 1,00,000. அதாவது 104 என்பது அதைப்போல 45 மடங்கு. கசிவு 7 மில்லி ஆம்பியரைத் தாண்டும். சுமார் 10 வந்தால் ஆண்களுக்கே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்குக் கீழேயே அப்படி ஆகலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோ 15 வரைக்கும் விழக்கூடாது என்றே தயாரிக்கப்படுகிறது. அதனால்தான் எங்கள் வீட்டில் விழவில்லை. ஆர்சிசிபி மாட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிற வீட்டிலும் இந்தப் பெட்டி கரண்ட் அடிக்கும். அந்த சாதா கெபாசிட்டர் ஒருநாள் ஷார்ட் ஆகியிருந்தால் தகரம் முழுக்க நேரடி 230. எர்த் ஒயர் ஒன்று போட்டிருந்தால் இத்தனையும் கையில் ஏறாமல் பூமிக்குப் போயிருக்கும்.

ட்ரில்லுக்குப் போகிற ஒயரும் காலிங் பெல்லுக்கு இழுக்கிற அளவு மெல்லிசு, ஃபியூஸ் கிடையாது. மரத்தில் பிட் இறுகினால் ட்ரில் இழுக்கிற ஆம்பியருக்கு அது சூடேறி உருகலாம். 12 வோல்ட் ஆளை அடிக்காவிட்டாலும் ஒயரைக் கொளுத்திவிடலாம்.

கடைக்குப் போய்க் கேட்டால், "உங்க வீட்டு எர்த்து சரியில்லீங்க" என்கிறார். எர்த் ஒயரே இல்லாத பெட்டிக்கு வீட்டு எர்த்தைக் குறை சொல்கிறார்! மாமா வீட்டுக்கே வந்து எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார், குறை ஒன்றும் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். துண்டுச் சீட்டும், ஜிபேயில் பணம் போன விவரமும், பெட்டியின் உள்பக்க போட்டோக்களும் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் போவேன்.

இப்படிப்பட்ட தகரப் பெட்டி உங்கள் பட்டறையில் இருந்தால் முதலில் ப்ளக்கைப் பாருங்கள். இரண்டு பின் என்றால் பிடுங்கி வைத்துவிடுங்கள். மூன்று பின் என்றாலும், ப்ளக்கை வெளியே எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் அடிக்கிற இடத்தில் வைத்து, ஒரு முள்ளைப் பெரிய பின்னிலும் மறு முள்ளைப் பெயிண்ட் இல்லாத தகரத்திலும் வையுங்கள். பீப் வந்தால்தான் எர்த் இருக்கிறது. மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். புதிதாக வாங்கினால், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் கொடுக்கிற, ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபாருங்கள். எண்ணே இல்லாத பெட்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.