ஆன்லைன் கவுன்சிலிங்: எதையும் பிறர் கையில் விட முடியாதவர்களுக்குப் பயன்படுமா?

மதுரை திருநகரில் வீட்டின் பின்கட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்கிறேன். சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, கோடையில் வத்தல், வடகம். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு ஆப் மூலம் ஆன்லைனில் கவுன்சிலிங் எடுத்து வருகிறேன். எதற்கு என்றால், எந்த வேலையையும் பிறர் கையில் விட முடியாமல் நான் பட்ட பாட்டுக்கும், அதைவிட என்னைச் சுற்றி இருந்தவர்கள் பட்ட பாட்டுக்கும். இதே தொல்லை உள்ள இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மல்லி வறுக்கும் பெண்ணுக்குப் பின்னாலேயே நிற்பேன். சீல் போட்ட பாக்கெட்டை மறுபடியும் எடுத்து அழுத்திப் பார்ப்பேன். கணவர் மாத்திரை போட்டாரா என்று அட்டையை எண்ணுவேன். கோவையில் படிக்கும் மகன் எங்கே இருக்கிறான் என்று கூகுள் மேப்பைத் திறந்து திறந்து பார்ப்பேன்; புள்ளி ஹாஸ்டலை விட்டு நகர்ந்தால் உடனே போன். பொறுப்பான பெண் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், எங்களிடம் வெகுகாலமாக வறுப்பு வேலை பார்த்த பெண் கணக்கு முடித்துத் தரச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "நீங்க பின்னாடி நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குதுக்கா" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அந்த வாரமே தேட ஆரம்பித்தேன்.

மதுரையில் நேரில் பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலத்துக்காகவே இங்கே வேலை செய்கிறது. தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். நான் ஆன்லைனைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, திருநகரிலிருந்து ஊருக்குள் போய்வர அரை நாள் போய்விடும். இன்னொன்று, எந்தக் கிளினிக் வாசலில் உட்கார்ந்தாலும் நமக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வந்துவிடுவார் என்ற பயம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆப்பில் சேரும்போது ஒரு பெரிய கேள்வித்தாள் வரும். தூக்கம் எப்படி, கோபம் எப்படி, எந்த மொழி வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு அவர்களே ஒருவரைக் காட்டுவார்கள். தமிழ் என்று குறித்திருந்தேன். முதலில் வந்தவர் நல்ல பெண்தான். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அனுப்பிய பயிற்சித்தாள்களும் ஆங்கிலம். மாமியாரைப் பற்றிப் பேசும்போது "ஓர்ப்படி வந்திருந்தா" என்றேன். அது யார் என்று விளக்கிவிட்டு விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போனது. மனதுக்குள் இருப்பதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதிக்கு மேல் வெளியே வராது. அதனால் "தமிழ் தெரியும்" என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அவர் சொல்லித்தந்தது மூச்சுப் பயிற்சி. செய்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் மூச்சை இழுத்துவிட்டு அமைதியானதும், அதே அமைதியோடு போய் மல்லிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அடிப்படை அப்படியே இருந்தது.

ஆளை மாற்றுவது சுலபம் என்பது இந்த ஆப்பின் பெரிய நல்ல விஷயம். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். நேரில் என்றால், "இவரிடம் எப்படிச் சொல்வது" என்ற சங்கடத்திலேயே பலர் போவதை நிறுத்திவிடுவார்கள். இந்த முறை நானே விவரக்குறிப்புகளைப் படித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். தேர்வு செய்யும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலைதான் நெடுங்காலம் இருந்தது. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். 1992-இல் வந்த சட்டத்தின்படி அமைந்தது அந்தக் கவுன்சில். பதிவேட்டை அதன் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ஆப்பில் பதிவு எண் எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன், சுற்றிச் சுற்றிப் பதில் வந்தது. புதிதாகத் தேர்ந்தெடுத்தவரிடம் நேரடியாகக் கேட்டேன். தயங்காமல் எண்ணைக் கொடுத்தார், சரிபார்த்தேன். கேட்டதற்கு அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. கேட்பது நம் உரிமை.

இரண்டாமவர் நாகர்கோவில் பக்கம். முதல் செஷனுக்கு நான் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: எதை எல்லாம் பேச வேண்டும், எந்த வரிசையில், எதற்கு எத்தனை நிமிடம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுல இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம். மிச்சம் பேசாம போச்சுன்னா என்ன ஆயிரும்னு உங்களுக்குத் தோணுது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்றுவரை என் கருத்து இதுதான்: இந்தத் தொல்லை உள்ளவர்கள் கவுன்சிலிங்கையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிடுவோம். நாமே கேள்வி கேட்டு, நாமே பதில் சொல்லி, நேரம் முடிந்ததும் திருப்தியாக எழுந்து வருவோம். அதற்கு இடம் கொடுக்காத ஆள் வேண்டும். அன்பாகப் பேசுகிறாரா என்பதற்கு முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

அவர் முதலில் செய்த வேலை, இது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தது. கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, இவற்றை எல்லாம் விலாவாரியாகக் கேட்டார். இவை ஓசிடி என்ற மனநலக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை முறை வேறு, மாத்திரையும் தேவைப்படலாம், மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, தன்னுடையது அல்ல என்றார். எனக்கு அது இல்லை. என்ன நடக்குமோ என்று தெரியாமல் இருக்கும் அந்த நேரத்தைத் தாங்க முடியாததுதான் என் பிரச்சினை என்று சொன்னார். போய்ப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் போய்ப் பார்க்கச் சொல்கிறது. பார்க்கப் பார்க்கக் குறைவதற்குப் பதில் வளர்ந்துகொண்டே போகிறது.

அப்பா கீழமாசி வீதியில் கூட்டாளியை நம்பிக் கடையை இழந்த கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் அதிலேயே உட்கார்ந்துவிடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பழைய கதை தெரிந்தால் மட்டும் இன்றைக்குச் சட்டிப் பக்கம் போகாமல் இருக்க முடியுமா?

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடச் சொன்னார். எதை விடப் போகிறேன், விட்டால் என்ன கெடும் என்று பயப்படுகிறேன், அந்தப் பயம் நூற்றுக்கு எவ்வளவு, கடைசியில் என்ன நடந்தது. முதல் மூன்றையும் முன்னாலேயே எழுதிவிட வேண்டும். நடந்து முடிந்த பிறகு எழுதினால் மனது கணக்கை மாற்றிவிடும். முதலில் எடுத்தது மல்லி வறுப்பு. மல்லியில் பதம் தப்பினால் பொடியே கசந்துவிடும் என்பதால் எனக்கு அதில்தான் பயம் உச்சம், அதனால் முழுவதும் விடாமல் பாதி மட்டும் விட்டுத் தொடங்கினோம். வேலைக்கு இருக்கும் பெண் வறுக்கும்போது நான் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். வாசனை வரும், கரண்டிச் சத்தம் வரும், போகக் கூடாது. கருகும், நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதினேன். உள்ளங்கை வியர்த்தது. கரண்டிச் சத்தம் நின்றபோது அடுப்பை அணைத்தாளா, மறந்துவிட்டாளா என்று எழுந்து நின்றுவிட்டேன், ஆனால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தவிப்பு தானாகவே இறங்கியது. அதுவரை அது தானாக இறங்கும் என்பதே எனக்குத் தெரியாது. இறங்கும்வரை நான் காத்திருந்ததே இல்லை. மல்லி வழக்கத்தைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருந்தது. கையில் நசுக்கிப் பார்த்தேன், கசப்பில்லை. அரைத்து அனுப்பினோம், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

எல்லாமே இப்படி நல்லபடியாகப் போகவில்லை. லேபிள் ஒட்டும் வேலையை முழுவதுமாக விட்ட நாளில், ஒரு பெட்டி முழுக்கத் தேதி தவறாக ஒட்டப்பட்டுவிட்டது. பாருங்கள், நான் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று செஷனில் கிட்டத்தட்டச் சண்டையே போட்டேன். அவர் மறுக்கவில்லை. சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். எல்லோரும் உட்கார்ந்து உரித்து ஒட்ட அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்ற தினமும் எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. என்னை மாற்றியது தப்பே நடக்காத நாட்கள் அல்ல, இந்த நாள்தான். அதன் பிறகு, தேதியைச் சரிபார்க்கும் பொறுப்பையும் லேபிள் ஒட்டும் பெண்களில் ஒருத்தியிடமே கொடுத்தேன்.

மகன் விஷயம் சீக்கிரமே முடிந்தது. மேப்பில் பார்ப்பதை நிறுத்துவது, இரவில் அவனே ஒரு போன் செய்வது என்று அவனிடம் பேசி முடிவு செய்தோம். இப்போது அவன் கூடுதலாகவே பேசுகிறான்.

ஆப்பைப் பற்றி ஒரு பெரிய குறை. "எந்த நேரமும் உங்கள் தெரபிஸ்டுக்கு மெசேஜ் அனுப்பலாம்" என்பதைத்தான் அவர்கள் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது கெடுதல். நான் செய்தது சரியா, இப்படி விட்டால் பரவாயில்லையா என்று கேட்டுக் கேட்டு உறுதி வாங்கிக்கொள்ள இன்னொரு வழி, அவ்வளவுதான். இரண்டாமவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: நேரம் மாற்ற வேண்டுமானால் மட்டும் மெசேஜ், மற்றதெல்லாம் செஷனில். முதலில் கடுப்பாக இருந்தது, இப்போது அந்தக் கண்டிப்புக்கு நன்றி சொல்கிறேன். அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டாதீர்கள். அதேபோல் மொத்தமாகப் பல செஷனுக்குப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று விடாமல் நச்சரிப்பார்கள். ஆள் ஒத்துவருகிறாரா என்று தெரியும்வரை ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். முதல் ஆளிடம் நான் மொத்தமாகக் கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்க மிகவும் அலைய வேண்டியிருந்தது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்து பேசினால் சுவருக்கும் காது உண்டு. மொட்டை மாடி அறையில் ஃபேனைச் சத்தமாக வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறேன். மாதாந்திர மின்தடை நாளில் வைஃபை போய்விடும்; போன் டேட்டாவில் வீடியோ நின்று நின்று வந்தால் குரலை மட்டும் வைத்துப் பேசுவோம், ஒன்றும் குறைவதில்லை. நாம் பேசியது வெளியே போகுமா என்று பயப்படுபவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. இருந்தாலும் பதிவு செய்கிறார்களா, குறிப்புகள் எங்கே இருக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இது எல்லோருக்குமான வழி அல்ல. ஒரு வீட்டில் ஒருவர் மற்றவரை மிரட்டுகிறார், அடிக்கிறார், பணத்தையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறார் என்றால் அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் 181-ஐ அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆப்பில் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். காசு கட்ட வழியில்லாதவர்களும் முதலில் அங்கே பேசிப் பார்க்கலாம்.

எனக்கு 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். முதலில் வாரம் ஒருமுறை இருந்தது, இப்போது மாதம் ஒருமுறை. மாலை ஆறு மணிக்கு மேல் நேரம் கிடைப்பது கஷ்டம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தைத்தான் கேட்கிறார்கள். மதியம் இரண்டரை மணி என்றால் அந்த வாரமே கிடைக்கும். வேலை செய்யும் பெண்கள் சாப்பிட்டுவிட்டு வறுப்பைத் தொடங்குகிற நேரம் அது. நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.