பாம்பன் கருவாட்டுக் கடை: நாலு மாசம் கழிச்சு எழுதுற ரிவியூ

கருவாட்டுக்கு வாங்கின அன்னைக்கே ரிவியூ எழுதக்கூடாதுங்குறது என் எண்ணம். அன்னைக்கு எல்லாக் கருவாடும் நல்லாத்தான் இருக்கும். மூணு நாலு மாசம் டப்பாக்குள்ள கெடந்து, ஒரு மழையைப் பாத்து, அதுக்கப்புறம் மூடியத் தொறக்கும்போது என்ன வாசம் வருதோ அதுதான் அந்தக் கடையோட லட்சணம். நான் வாங்கினது ஜூன் மாசம் பாம்பன்ல. இப்ப அக்டோபர். இருக்குறது டான்சானியால முவான்சாங்குற ஊரு, விக்டோரியா ஏரிக் கரை. நேத்து ராத்திரி நெத்திலி டப்பாவைத் தொறந்தேன், வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு, ஒத்தப் பூச்சி இல்ல, கையில அள்ளுனா சரசரன்னு விழுது. அதான் இன்னைக்கு எழுத உக்காந்துட்டேன்.

எங்களுக்கு சொந்த ஊரு மண்டபம் பக்கம். 2019 ஜூலைல ஊழியத்துக்குன்னு குடும்பத்தோட இங்க வந்தோம். அவரு ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்குறாரு, ஞாயித்துக்கிழமை கிராமத்து சபைகளுக்குப் போவாரு, நான் பொம்பளைகளுக்கு தையல் சொல்லிக் குடுக்குறேன். மகனுக்கு 12 வயசு. மக இங்க வந்த வருசக் கடைசில பொறந்தவ. ஊருக்கு வந்தா சபைல எல்லாரும் கேக்குறது காடு, சிங்கம், அற்புதம் இதெல்லாந்தான். ஆனா மிஷனரி குடும்பத்தோட நாள் எப்படிப் போகும்னா காலைல எந்திரிச்சு தண்ணி வருதான்னு பாக்குறது, கரண்டு மீட்டர்ல யூனிட் தீந்துருச்சான்னு பாக்குறது (இங்க போன் ரீசார்ஜ் மாதிரி முன்கூட்டி காசு கட்டணும், 20 இலக்க நம்பர் வரும், அதை மீட்டர்ல அடிச்சாத்தான் வெளிச்சம்), பிள்ளைக யூனிஃபார்ம், ராத்திரி கொசுவலையைச் சுத்திவர சொருகி விடுறது, மலேரியா காய்ச்சலா சாதா காய்ச்சலான்னு தவிக்கிறது, இதுக்கு நடுவுல மத்தியானத்துக்கு என்ன ஆக்குறது. அந்தக் கடைசிக் கேள்வி சின்னதாத் தெரியும், ஆறு வருசமா தெனமும் கேட்டுப் பாத்தாத்தான் அதோட பாரம் தெரியும்.

சாமான் கெடைக்காதுன்னு சொல்லல. துவரம்பருப்பு இங்க விளையுது, நம்ம ஊருக்கே இங்கருந்து கப்பல்ல வருது. புளி இருக்கு, தேங்கா இருக்கு, தண்டுக்கீரை மாதிரியே ம்சிச்சான்னு ஒரு கீரை, முருங்கை மரம் கூட உண்டு. அரிசியும் நல்ல அரிசி. நம்மள மாதிரியே இவங்களுக்கும் நெல்லுக்கு ஒரு வார்த்தை, அரிசிக்கு ஒரு வார்த்தை, சோத்துக்கு ஒரு வார்த்தை, ம்புங்கா, ம்செலே, வாலின்னு. இங்கிலீஷ்ல அரிசிக்கும் சோத்துக்கும் ஒரே ரைஸ்தான், இந்த மூணு வார்த்தையையும் முதல்முதல்ல கத்துக்கிட்ட அன்னைக்கு எனக்கு இந்த ஊர் மேல ஒரு ஒட்டுதல் வந்துச்சு. மீனும் நெறைய, சாத்தோ, சங்காரான்னு பெரிய பெரிய மீனா வரும். ஆனா எல்லாம் நல்ல தண்ணி மீன். அந்த ஏரியப் பாத்தா கடல்னுதான் சொல்லுவீங்க, எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், படகு போகும், ஆனா காத்துல உப்பு இருக்காது. பிள்ளைகளை கரையோரம் தண்ணில இறங்க விடவும் பயம், பில்ஹார்சியான்னு ஒரு நோய் இருக்கு, தண்ணில இருக்குற நத்தையில இருந்து வர்ற புழு தோல் வழியா உள்ள போயிரும். கடற்கரைல பொறந்து வளந்த ஆளுக்கு, பிள்ளைகளை இவ்வளவு தண்ணிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு கால் நனைக்காதன்னு சொல்றது பெரிய கஷ்டம்.

அதனால கருவாடு எங்க வீட்டுல வெறும் தொட்டுக்க இல்ல. வாரத்துல ஒரு நாள் அந்த வாசம் அடுப்படியில வந்தாத்தான் நாங்க எந்தக் கரைக்காரங்கன்னு பிள்ளைகளுக்கே தெரியும்.

2022 டிசம்பர்ல மொத தடவை லீவுக்கு வந்தப்ப வேற ஒரு கடைல (பேரு வேண்டாம்) அஞ்சு கிலோ வாங்கிட்டுப் போனோம். மழை விட்டும் விடாத நேரம். பாக்க பளபளன்னு இருந்துச்சு, நானும் ஏமாந்துட்டேன். இங்க வந்து ஆறு வாரத்துல வாளை மேல சிவப்பா பூத்துருச்சு, நெத்திலில வண்டு. பாதிக்கு மேல குழி தோண்டிப் புதைச்சோம். அன்னைக்கு ராத்திரி நான் அழுதேன், அவரு ஒண்ணும் சொல்லாம கொல்லைல மண்ணைத் தள்ளிக்கிட்டு இருந்தாரு. மூணு வருசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவங்களுக்குத்தான் தெரியும் அதுல போனது காசு மட்டும் இல்லன்னு.

இந்தத் தடவை ஜூன்ல வந்தப்ப எங்க மாமி சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். ராமநாதபுரத்துல இருந்து ரயில்ல புதுப் பாம்பன் பாலம் வழியா போனோம், 2025 ஏப்ரல்லதான் தொறந்துருந்தாக, மகன் சன்னலை விட்டு நகரவே இல்ல. பாம்பன் ஸ்டேஷன்ல இறங்கி மீன்காரத் தெருப் பக்கம் நடக்கணும். கடைக்கு போர்டு கிடையாது. ஓலைக் கொட்டகை, முன்னாடி ரெண்டு மரப்பலகை, பின்னாடி வலை கட்டின பரண்ல மீன் காயுது. மணல்ல நேராப் போடுறது இல்ல. அதைப் பாத்த உடனே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துருச்சு, மணல்ல காஞ்ச கருவாட்டை நாலு தண்ணி அலசினாலும் பல்லுல நறநறங்கும்.

கடை வச்சிருக்குற அக்காவுக்கு அம்பது வயசு இருக்கும். நான் "அஞ்சு கிலோ வேணும்கா"ன்னு சொன்னதும் அவுக அள்ளிப் போட கையை நீட்டவே இல்ல, "யாருக்குத்தா? எத்தனை நாளைக்கு வச்சுத் திம்பீக?"ன்னு கேட்டாக. ஆப்பிரிக்கா, ஒரு வருசம் வச்சுக்கணும்னு சொன்னேன். உடனே முன்னாடி இருந்த குவியலை ஒதுக்கிட்டு உள்ள போயி ஒரு சாக்கை இழுத்துட்டு வந்தாக. "இது மாசி பங்குனி வெயில்ல காஞ்சது, தடைக்கு முந்தி வந்த மீனு. வெளிய கெடக்குறது இந்த வாரம் ஆக்கித் திங்கிறவுகளுக்கு." ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாதுல்ல, அதுக்கு முந்தின சரக்கு. வெளிய இருந்ததையே குடுத்திருந்தா நான் வாங்கிட்டுத்தான் போயிருப்பேன்.

அப்புறம் ஒரு வாளையை எடுத்து என் கண்ணு முன்னாடி மடக்குனாக, டக்குன்னு ஒடிஞ்சுச்சு. ஒடிஞ்ச எடத்தை என் மூக்குக்கிட்ட நீட்டுனாக. சீலாத் துண்டுல முள்ளை ஒட்டின சதையில கட்டை விரல் நகத்தை வச்சு அழுத்தச் சொன்னாக, நகம் இறங்கல. "இறங்குச்சுன்னா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம், உப்பு மேலாக்கத்தான் ஏறியிருக்கு, அதை வாங்காத"ன்னு சொன்னாக. வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கல்லுப்புதான் போடுறாகளாம், தூள் உப்புப் போட்டா மேல் தோலு இறுகிப் போயி உள்ளுக்கு இறங்காதாம். நெத்திலிக்கு உப்பே இல்ல, வெறும் வெயில்தான். பத்து வருசம் சமைச்ச எனக்கு அந்தப் பத்து நிமிசத்துல தெரிஞ்சுக்கிட்டது அதிகம்.

நெத்திலி ரெண்டு கிலோ, கிலோ 350. வாளை ஒண்ணரைக் கிலோ. சாளை ஒரு கிலோ. சீலா விலை கேட்டு கொஞ்சம் தயங்கினேன், கிலோ ஆயிரத்தைத் தாண்டுச்சு, அரைக்கிலோ மட்டும் எடுத்தேன். மாசிக் கருவாடு (சூரை மீன்ல செய்றது) இருந்துச்சு, அதுல நூறு கிராம் அவுகளே போட்டாக, காசு வாங்கல, "ஊழியக்காரப் பிள்ளைகளுக்கு"ன்னு.

பேக்கிங் பத்தி தனியாச் சொல்லணும், வெளிநாடு போறவுக இதைக் கவனமாப் படிங்க. அக்கா நெத்திலியை தலை கிள்ளி, எண்ணெய் இல்லாம வெறும் சட்டியில லேசா வறுத்து, முழுசா ஆற வச்சு அப்புறந்தான் கட்டுனாக. சூட்டோட கட்டுனா உள்ள வேர்த்துரும். மேல செய்தித்தாள் ரெண்டு சுத்து, அதுக்கு மேல பட்டர் பேப்பர், கடைசியில நான் கொண்டு போயிருந்த எவர்சில்வர் டப்பா. கேரி பேக் வேண்டாம்கா, டான்சானியால தடைன்னு சொன்னேன், அங்க 2019 ஜூன் 1லருந்து கேரி பேக் கொண்டு போகவே கூடாது. நம்ம தமிழ்நாட்டுலயும் அதே 2019ல ஜனவரிலதான தடை வந்துச்சு. அக்கா சிரிச்சுக்கிட்டே ரெண்டு மஞ்சப்பையை எடுத்தாக. பெட்டியில துணிக்கு வாசம் ஏறவே இல்ல, மகளோட கவுன் மோந்து பாத்தேன், சோப்பு வாசந்தான்.

தார் எஸ் சலாம் ஏர்போர்ட்ல பெட்டியத் தொறக்கச் சொன்னாங்க. நான் மறைக்கல, உள்ள காஞ்ச மீன் இருக்குன்னு முதல்லயே சொல்லிட்டேன். அந்த ஆபீசர் அம்மா டப்பாவைத் தொறந்து நெத்திலியப் பாத்துட்டு "டகா!"ன்னு சொன்னாங்க, மூடிட்டு போங்கன்னுட்டாங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறங்குறதால நீங்க போற நாட்டுல கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க, ஒளிச்சு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, நாம அங்க போறதே ஊழியத்துக்கு.

டகாங்குறது இந்த ஏரில கெடைக்கிற பொடி மீனு, நம்ம நெத்திலி சைஸ். நிலா இல்லாத ராத்திரில படகுல விளக்கை ஏத்தி வச்சு பிடிப்பாங்க, எங்க வாசப்படியில இருந்து பாத்தா ஏரி மேல ஒரு ஊரே கரண்டு போட்ட மாதிரி தெரியும். காலைல கரையில பாறை மேலயும் மணல்லயும் உப்பில்லாமக் காயப் போடுவாங்க. என் மகளுக்குப் பேச்சு வந்ததுலருந்து தெரிஞ்சது டகாதான். பாம்பன் கடைல நெத்திலிக் குவியலைப் பாத்ததும் அவ கத்தினது "அம்மா, இங்கயும் டகா!"ன்னு. அக்காவைப் பாத்து "ஷிகமோ"ன்னு வேற சொன்னா, இங்க பெரியவங்களுக்கு சின்னவங்க சொல்ற வணக்கம், உங்க காலைப் பிடிக்கிறேன்னு அர்த்தம். அதுக்கு என்ன பதில்னு அக்கா கேட்டாக, "மரஹபா"ன்னு சொல்லிக் குடுத்தேன், அக்கா அவ கன்னத்தைப் பிடிச்சு அப்படியே சொன்னாக. பிள்ளைக்கு நம்ம ஊரு நெத்திலி டகா மாதிரி தெரியுதேன்னு எனக்கு ஒரு நிமிசம் தொண்டை அடைச்சுச்சு, உண்மையச் சொல்றேன். அதுக்கப்புறம் யோசிச்சேன். போர்ச்சுகல்ல பொறந்த அருளானந்தர்ங்குற கத்தோலிக்கப் பாதிரியார் காவி கட்டி, மாமிசத்தை விட்டு, நம்ம பேச்சைப் பேசி, 1693ல நம்ம ஓரியூர் மண்ணுல உயிர விட்டாரு. நாங்க அவரு சபைக்காரங்க இல்ல, ஆனா ராமநாதபுரத்துல பொறந்துட்டு அந்தக் கதையக் கேக்காம வளர முடியாது. அவரைப் பெத்த அம்மாவுக்கும் தொண்டை அடைச்சிருக்கும்.

சரி, ருசி. வாளையை வெந்நில ஒரு தடவை பச்சைத் தண்ணில ரெண்டு தடவை அலசி, ராமநாதபுரம் முண்டு மிளகா (2023ல புவிசார் குறியீடு கெடைச்சதே, அதுதான், ஒரு கிலோ மாமி குடுத்து விட்டாக) வறுத்து அரைச்சு, இங்கத்த புளி, இங்கத்த கத்திரிக்காய் போட்டு குழம்பு வச்சேன். உப்பு தனியாப் போட வேண்டியதே இல்ல, ஆனா கரிக்கவும் இல்ல. சதை கரையாம துண்டு துண்டா நின்னுச்சு. அவரு மூணாவது தடவை சோறு போட்டுக்கிட்டாரு. பக்கத்து வீட்டு மாமா உகாலியோட தொட்டுச் சாப்பிட்டாரு, அது மக்காச்சோள மாவுக் களிதான், நம்ம கேப்பைக் களிக்கு கருவாட்டுக் குழம்பு எப்படிச் சேருமோ அப்படிச் சேருது. அவரு சொன்ன குறை ஒண்ணுதான், காரம். சீலாவை எண்ணெய்ல பொரிச்சா ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல இழை இழையா பிரியும், அந்த விலை சரியான விலைதான்னு இப்பச் சொல்றேன்.

குறையும் சொல்லணும். சாளை எனக்குத் திருப்தி இல்ல, ரெண்டு மாசத்துல எண்ணெய் வாடை வந்துருச்சு. அது எண்ணெய் மீனு, அப்படித்தான் ஆகும், அக்காவே "இதை மொதல்ல தின்னு தீத்துரு"ன்னு சொன்னாகதான், நான்தான் கடைசிக்கு வச்சேன், இருந்தாலும் ஒரு வருசத்துக்குன்னு கேட்ட ஆளுக்கு சாளையே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். கடைல கூட்டம், உக்கார எடம் இல்ல, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா சிரமம். வறுத்துக் கட்டித் தர ரெண்டு மணி நேரம் ஆகும், ரயிலுக்கு நேரம் பாத்துப் போங்க. கூரியர் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துதான் தொறப்பாக. ஐப்பசி கார்த்திகைல போனா நாள்பட வைக்கிற சரக்கு இல்லன்னு திருப்பி அனுப்பிருவாக, அதைக் குறைன்னு எடுத்துக்காதீங்க. டப்பாவை நீங்களே கொண்டு போங்க, மூடி இறுக்கமா இருக்கணும்.

இப்ப இங்க மழை ஆரம்பிச்சிருச்சு. வாரம் ஒரு நாள் வெயில் அடிக்கும்போது டப்பாவைத் தொறந்து தட்டுல பரப்பி வைக்கிறேன், மக காக்கா விரட்டுறா. நெத்திலி முக்கால் டப்பா இருக்கு, வாளை எட்டுத் துண்டு. சீலா நாலே நாலு துண்டுதான், அது கிறிஸ்மஸுக்கு.