மோரிஸ் மைனருக்கு 5 கியர் பாக்ஸ் - பட்டர்வொர்த் ஒர்க்‌ஷாப்

அப்பாவோட பழைய கார் மோரிஸ் மைனர் 1000, 1098சிசி. பழைய 4 கியர்ல ஃபர்ஸ்ட்டுக்கு சிங்க்ரோமெஷ்ஷே (கியரோட வேகத்த சமப்படுத்தி சத்தமில்லாம சேர்க்கற அமைப்பு) கிடையாது, ஜாம்ல ஊர்ந்து போறப்ப ஃபர்ஸ்ட் போட்டா கரகரன்னு சத்தம், ஹைவே ஏறினா என்ஜின் அலறும். அதான் ஃபோர்டு சியெரா கார்ல வந்த டைப் 9ங்கற 5 கியர் பாக்ஸ் போட்டாச்சு, அடாப்டர் கிட் யூகேலேர்ந்து வரவழைச்சது.

ஒர்க்ஷாப்ல இருக்கற அங்கிள் வேலைல கெட்டிக்காரரு. பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட் எல்லாம் மாத்தி, பின்னாடி ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்ட்ட வெட்டி பேலன்ஸ் பண்ணி, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சு பார்த்தேன், வெல்டிங் அவ்ளோ நீட்டு. "தம்பி, கியர அடிச்சுப் போடாத, தானா விழும்"னாரு, நெசமாவே விழுது. 4வது கியர் ரேஷியோ நேர் 1:1 (என்ஜின் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட்டும் ஒரு சுத்து), 5வது 0.82, அதனால அதே ஸ்பீடுல ஆர்பிஎம் 18% கம்மி. பினாங்கு பாலத்துல இப்ப ரேடியோ கேக்குது லா!

ஆனா 1வது கியர் 3.65, டிஃப் (பின் ஆக்ஸில்ல இருக்கற கியர்) 4.22 அப்படியே இருக்கறதால ரொம்ப ஷார்ட்டு, நகந்த உடனே செகண்ட் போடணும். சொன்ன தேதிக்கு வண்டி வரல, போன் அடிச்சா எடுக்கறதில்ல, ஸ்பீடோ கேபிள் இன்னும் பாக்கி. வேலைக்கு 5 ஸ்டார், பேச்சுக்கு 2. காசு முழுசா முன்னாடியே குடுத்துடாதீங்க.