உப்பா, ஈரமா? குமரி மாவட்டத்தில் வீட்டுக்கும் காருக்கும் எது சரிப்படும்

கடலோரக் குளச்சலுக்கும் மலையோரக் குலசேகரத்துக்கும் நடுவே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் இரண்டு ஊரிலும் வீட்டையும் வண்டியையும் கெடுப்பது ஒன்றல்ல. கடலோரத்தில் உப்புக்காற்று, மலையோரத்தில் காயாத ஈரம். பெயிண்ட் கடையில் இதை யாரும் கேட்பதில்லை, சர்வீஸ் சென்டரிலும் கேட்பதில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு விற்கிற அதே பூச்சைத்தான் முட்டத்துக்காரருக்கும் விற்கிறார்கள். அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்னால், நம் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், உப்பின் மேலோ ஈரத்தின் மேலோ அடித்தால் காசு வீண்தான். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையைப் பராமரிக்கும் முறையைப் பாருங்கள். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். அப்புறம் காகிதக் கூழை அப்பி, கல்லுக்குள் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பாலி சிலிக்கான் பூச்சு. கருங்கல்லுக்கே இந்த வரிசை என்றால், நம் வீட்டு கிரில்லும் காரின் அடிப்பாகமும் எம்மாத்திரம்?

மாடி ஒழுகினால்: பூச்சா, தட்டோடா, ஷீட்டா?

நம் மாவட்டத்தில் அதிகம் பணம் போகிற இடம் இதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓயும்போது அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஜூனுக்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் உண்டு. கான்கிரீட் தளம் உண்மையிலேயே காய்வது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும்தான்.

வெள்ளை நிற வாட்டர் ப்ரூஃப் பூச்சு மூன்றிலும் செலவு குறைந்தது, வெயிலையும் ஓரளவு தடுக்கும். ஆனால் தளம் காய்ந்திருந்தால்தான் ஒட்டும். ஈரத் தளத்தில் அடித்தால் அடுத்த மழையிலேயே கொப்பளம் கட்டி உரியும். சோதிப்பது எளிது. ஒரு பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் நீர்த்துளி பூத்திருந்தால் ஆளைக் கூப்பிடாதீர்கள், இன்னும் சில நாள் வெயில் தேவை. மழைக்காலத்தில் ஒழுகுகிறதே என்று பதறி, ஜூலையில் பூச்சு அடிப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய வீண்செலவு.

சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய முறை. வீட்டுக்குள் குளிர்ச்சி தரும், வாட்டம் சரியாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஓடுகளுக்கு இடையிலான இணைப்பில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கிவிடும், எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதே பாடு. தளத்தின் எடையும் கூடும். பழைய வார்ப்பு வீட்டின் மேல் இதைச் செய்யும் முன் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது, இப்போது மார்த்தாண்டம் பக்கம் எங்கே திரும்பினாலும் தெரிகிற ட்ரஸ் வேலை: இரும்புக் குழாய் நட்டு, மேலே ஷீட். தளத்தில் மழையே விழாது, பாசி பிடிக்காது, துணி காயப்போட இடமும் கிடைக்கும். திருவட்டார், அருமனை, குலசேகரம் பக்கத்து வீடுகளுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பத்மநாபபுரம் அரண்மனையின் சரிந்த ஓட்டுக்கூரையும், சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் இறவாரமும் செய்கிற வேலை இதுவே. மழையைத் தாங்குவதைவிட, விழுந்த உடனே வழித்துவிடுவது. ஷீட் போடுபவர்கள் இறவாரத்தைச் சிக்கனப்படுத்திவிடுகிறார்கள், அதை விடாதீர்கள். சுவரைத் தாண்டி நன்றாக நீண்டால்தான் சாரல் சுவரில் அடிக்காது.

கடலோரத்தில் ஷீட்டின் கணக்கு மாறிவிடும். துரு முதலில் ஷீட்டில் வருவதில்லை. திருகு ஏறிய துளையிலும், வெட்டிய ஓரத்திலும், குழாயின் வெல்டிங் இணைப்பிலும் தொடங்கும். மேலே தகடு பளபளவென்று இருக்கும்போதே கீழே பிடிப்பு தளர்ந்திருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கூரைகள் பறந்ததை நாம் பார்த்தோம். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் துறை போன்ற இடங்களில், தளம் நல்ல நிலையில் இருந்தால் பிப்ரவரியில் கழுவிக் காயவைத்துப் பூச்சு அடிப்பதே என் தேர்வு. ஷீட்தான் வேண்டும் என்றால் துத்தநாகக் குளியல் கொடுத்த குழாய், வெல்டிங் இடங்களில் துத்தநாகம் கலந்த பெயிண்ட், துருப்பிடிக்காத திருகு என்று கேட்டு வாங்குங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் உப்பு குறைவு, ஆனால் காற்றாலை நிற்கிற ஊர் அது. அங்கே ட்ரஸ்ஸின் கால்களைத் தளத்தோடு இறுக்குவதில்தான் கவனம் போக வேண்டும்.

ஜன்னல் கிரில்

மலையோரத்திலும் நாகர்கோவில் நகரத்துக்குள்ளும் சாதாரண இரும்பு கிரில் போதும். துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, இரண்டு கோட் எனாமல் கொடுத்தால் சில வருடம் கவலை இல்லை. கடலோரத்தில் அதே கிரில்லுக்கு அடிக்கடி வேலை வைக்க வேண்டிவரும். இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202 ரகம். 304 அதைவிட மேல், ஆனாலும் கடல்காற்றில் பழுப்புக் கறை படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாலிப்டினம் கலந்த 316தான் உப்பைத் தாங்குவது. 202-ஐயும் 304-ஐயும் காந்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரகத்தின் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

316-க்குக் கையில் காசு இல்லை என்றால் யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னல் நல்ல மாற்று. சட்டம் துருப்பிடிக்காது, கீலும் திருகும் துருப்பிடிக்கும். அவற்றை மட்டும் நல்லதாகக் கேளுங்கள். அயனி மரச் சட்டம் வைத்த பழைய வீட்டுக்காரர்கள் மரத்தை மாற்றவே வேண்டாம். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகும்போது உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். பிப்ரவரி வரை பொறுத்தால் அதுவாகவே சுருங்கும்.

காரின் அடிப்பாகம்: ரப்பர் பூச்சா, மெழுகுப் பூச்சா, வெறும் தண்ணீரா?

புது வண்டி எடுக்கும்போதே ஆன்டி ரஸ்ட் கோட்டிங் என்று ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். பெரும்பாலும் அது கறுப்பாக, கெட்டியாக இருக்கும் ரப்பர் அல்லது தார் வகை. ஜல்லி தெறிப்பதை நன்றாகத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். ஆனால் வயதாகும்போது விரிசல் விடும். விரிசலுக்குள் போன உப்பு நீர் வெளியே வர வழியில்லாமல் தகட்டோடு தங்கிவிடும். மேலே பார்த்தால் கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே தகடு பொடிந்துகொண்டிருக்கும். மெழுகு, எண்ணெய் வகைப் பூச்சு காய்ந்து இறுகுவதில்லை. இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும், கீறல் பட்டாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும், தூசி ஒட்டும் என்பதுதான் குறை. கடற்கரைச் சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு மெழுகு வகையே மேல். மலைப்பாதையில், ரப்பர் தோட்டத்துக் கல் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரப்பர் வகை பொருந்தும்.

எதை அடித்தாலும், கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகளை அடைக்காமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவை அடைபட்டால் மழைநீர் கதவுக்குள் நிற்கும். அங்கே தொடங்கும் துரு, பெயிண்ட் பொங்கி வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த இரண்டையும்விட நான் பெரிதாக மதிப்பது வாரம் ஒரு முறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதை. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. சோப்பு நுரைக்காத, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடுகிற தண்ணீரில் கழுவினால், இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்த மாதிரிதான். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ எடுங்கள். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. கழுவியதும் ஒரு சின்னச் சுற்று ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து ஈரத்தைப் போக்கிவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டுச் சில நாள் விட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது போதும்.

மலையோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பானெட்டுக்குப் பின்னால், வைப்பருக்கு அடியில் ரப்பர் இலையும் சருகும் சேர்ந்து நீர்வழியை அடைத்துவிடும். தண்ணீர் வண்டிக்குள் இறங்கி, கால்மிதிக்கு அடியில் ஊறிப் பூசணம் நாறும். சருகை அள்ளிப் போட ஐந்து நிமிடம் ஆகாது.

கவரா, ஷெட்டா?

கடலோரத்தில் கவர் வேண்டாம். உள்ளே ஈரம் தேங்கும், காற்றில் படபடக்கும்போது ஒட்டியிருக்கும் மணல் பெயிண்டைத் தேய்க்கும். பக்கங்கள் திறந்த, மேலே மட்டும் கூரையுள்ள ஷெட் போதும். தென்னைக்கு அடியில் நிறுத்துவதைவிட வெயிலில் நிறுத்துவது மேல், மட்டை விழுந்தால் கண்ணாடி போய்விடும்.

செராமிக் கோட்டிங் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்டால் பளபளப்பு நிற்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் அது பெயிண்டின் மேல்புறத்துக்கு மட்டும்தான். அடியில் உப்பு ஏறுவதை அது தடுக்காது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து, மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். அதையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.