.32 போதுமா, .45 தேட வேண்டுமா?

கிரானைட், மாங்கூழ் தொழிலில் ரொக்கம் புழங்கும் கிருஷ்ணகிரி பக்கத்தில், கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்ததும் எழும் கேள்வி இது. (.32, .45 என்பவை தோட்டாவின் தோராயமான விட்டம், அங்குலக் கணக்கில்.) ".32 சின்னத் தோட்டாதானே, அலைந்தாவது .45 அல்லது .357 மேக்னம் வாங்கிவிடலாமா?" என் பதில் .32தான்.

பலத்தில் அது பின்தங்கியதுதான், மறைக்க வேண்டாம். .32 ரிவால்வர் தோட்டா சுமார் 170 ஜூல் ஆற்றலோடு புறப்படுகிறது. .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டா 480ஐத் தொடும், .357 மேக்னம் 700ஐத் தாண்டும். 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, அந்த ஆற்றல் சுடுபவரின் கையையும் உதைக்குமே! மேக்னத்தில் குழல் மேலே எகிறும், மறுபடி குறி பிடிக்க நேரமாகும். அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தே விசையை இழுக்கும் முன் கண்ணை மூடிவிடுபவர்கள் உண்டு. .32ல் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை விட்டமுள்ள தோட்டாக்களுக்கு அனுமதி இருந்தும், வீரர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது .32தான்.

இன்னும் பெரிய விஷயம் தோட்டா. .32 துப்பாக்கியும் தோட்டாவும் நம் நாட்டிலேயே தயாராகின்றன. .45, .357 பெரும்பாலும் 1980களில் இறக்குமதி இறுகுவதற்கு முன் வந்த பழைய சரக்கு. விலை லட்சக்கணக்கில் போகும், தோட்டாவும் அரிது. அதைப் பூட்டி வைப்பார்களே தவிர பயிற்சிக்குச் செலவழிக்க மனசு வராது. பழகாத கையில் 480 ஜூல் இருந்து என்ன பயன்?

தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் யானையை நினைத்துப் பெரிய தோட்டா கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் யானைக்கு முன்னால் மேக்னமும் .32ம் ஒன்றுதான், இரண்டும் அதை வெறியேற்றத்தான் செய்யும். தற்காப்பு லைசென்ஸ் வனவிலங்கைச் சுடுவதற்கான அனுமதியும் அல்ல. வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

.32லேயே எது? 2014ல் வந்த 'நிர்பீக்' என்ற லேசான ரிவால்வர் 500 கிராம்தான், இடுப்பில் சுமக்கச் சுகம். ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். வீட்டிலோ கடையிலோ வைக்க, கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் சுமார் 700 கிராம் எடையுள்ள எஃகு ரிவால்வரே மேல். தாத்தா விட்டுச்சென்ற .45 இருந்து, தோட்டாவுக்கும் வழியிருந்தால் விற்க வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர்கள் .32ஐ எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை ரைஃபிள் கிளப் சந்தாவுக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் ஒதுக்குங்கள்.