கட்டைக் குரலா, கீச்சுக் குரலா?

நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆண் பட்டாணிக் குருவிக்கு எந்தக் குரல் லாபம்?

சாலையோரத்தில்: வண்டி இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண். கட்டைக் குரல் அதில் மூழ்கிவிடும், கீச்சுக் குரல் தப்பிக்கும். இரைச்சலான இடத்துக் குருவிகள் அடிச் சுருதியை உயர்த்திப் பாடுவதை 2003-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அடர்ந்த காட்டில்: கீச்சுக் குரல் இலைகளில் பட்டுச் சிதறும். கட்டைக் குரல் தூரம் போகும்.

பெட்டையிடம்: இங்கேதான் சிக்கல். முட்டையிடும் நாள் நெருங்கினால் விடியற்காலையில் ஆண் சுருதியை இறக்கிப் பாடும். உச்சத்திலேயே பாடுகிறவனின் கூட்டில் அடுத்தவன் குஞ்சு இருக்கும் வாய்ப்பு அதிகம். பாவம்!

சரி, முடிவு? அமைதியான தோப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைக் குரல். நெடுஞ்சாலை ஓரம் என்றால் கீச்சுக் குரல்தான். காதில் விழாத பாட்டுக்கு ஜோடி ஏது, குஞ்சு ஏது?