கூப்பர்ஸ் வீட்டு பியர் கிட்: சிங்கப்பூர் சூட்டில் எப்படி?

வீட்டில் போட்ட பியர் என்றதும் விருந்தாளிக்கு இரண்டு சந்தேகம் வரும்: புளிக்குமோ, கண்ணைக் கெடுக்குமோ. இரண்டாவதற்கு இடமே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால், கண்ணைக் கெடுப்பதும் அதுதான். மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது ஆளைப் பாதிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. முதல் சந்தேகம் நியாயமானது. ஆனால் சுவை கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிட் இல்லை, சூடும் அவசரமும்தான்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862-இல் தொடங்கிய பியர் நிறுவனமான கூப்பர்ஸின் முழு கிட்டில் நொதிக்கலன், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த 1.7 கிலோ மால்ட் பாகு டப்பா, 7 கிராம் ஈஸ்ட், 1 கிலோ சர்க்கரைக் கலவை, 740 மில்லி பிளாஸ்டிக் போத்தல்கள் 30 எல்லாம் வந்துவிடும். ஒரு தடவைக்கு 23 லிட்டர். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை போடலாம், விற்கக் கூடாது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவைதான். (தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி கிடையாது.)

செய்முறை எளிது. பாகையும் சர்க்கரையையும் 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றினால் கலவை 30 டிகிரியைத் தாண்டிவிடும், வாழைப்பழ வாசமும் தொண்டையைச் சுடும் காரமும் வருவது அதனால்தான். குழாய்த் தண்ணீருக்குப் பதில் 5 டிகிரி ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். 10 லிட்டராவது முந்தின நாளே குளிரவைத்துவிடுங்கள். பிறகு கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த போத்தல்களை காலை மாலை மாற்றினால் 22–24 டிகிரியில் நிற்கும். முதல் மூன்று நாள்தான் முக்கியம், சுவை அப்போதே முடிவாகிவிடுகிறது. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட்டுக்கு மாறலாம். கிட்டோடு வரும் 7 கிராம் 23 லிட்டருக்குக் குறைவு. இந்தத் தொகுப்பின் பெரிய குறை இதுதான். 11 கிராம் பாக்கெட் ஒன்று தனியாக வாங்குவது நல்லது.

இங்குள்ள குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. கொதிக்கவைத்தால் எளிதில் போகாது, பியரில் மருந்துப் பிளாஸ்திரி வாடையாகத் தெரியும். அதைப் போக்க 23 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) போதும்.

அடர்த்தி ஏறக்குறைய 1.038-இல் தொடங்கி 1.008 பக்கம் வந்து நிற்கும், ஆல்கஹால் 4 சதவீத அளவு. இரண்டு நாள் அளவு மாறாதிருந்தால் மட்டுமே போத்தலில் நிரப்புங்கள். குமிழி அடங்கியதை நம்பி முன்னதாக நிரப்பினால் போத்தல் வெடிக்கும். வாயு ஏற, ஒரு போத்தலுக்கு இரண்டு சர்க்கரை மிட்டாய் (கார்பனேஷன் டிராப்ஸ்) போடுங்கள். பிளாஸ்டிக் என்பதால் அமுக்கிப் பார்த்தே வாயு ஏறியதா என்று தெரிந்துகொள்ளலாம், கண்ணாடியில் இந்த வசதி இல்லை. இரண்டு வாரத்தில் குடிக்கலாம், ஆறு வாரத்தில்தான் நன்றாக இருக்கும்.

தானியத்தை ஊறவைத்துத் தொடங்குபவர்கள் இதை ‘டப்பா பியர்’ என்று தள்ளிவைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. நொதித்தல், சுத்தம், பொறுமை எல்லாம் இதிலும் அதே வேலைதான். கடையில் விற்கும் லாகர் பியர் போலவே இருக்கிறது என்று சொல்லி விருந்தாளிக்கு ஊற்றுவதும் தேவையில்லாத தற்காப்பு. இது கொஞ்சம் கலங்கலான, அடர்த்தியான பியர். அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கண்டு முகம் சுளிப்பவரிடம் கூப்பர்ஸ் நிறுவனமே தயாரித்துக் கடைகளில் விற்கும் ஸ்பார்க்ளிங் ஏல் பியர் போத்தலைக் காட்டுங்கள், அதிலும் அதே படிவு இருக்கும். பிடிக்காதவருக்கு கடைசி விரற்கடையைப் போத்தலிலேயே விட்டு ஊற்றுங்கள்.

வாங்கும்போது டப்பாவின் தேதியைப் பாருங்கள். பழைய பாகு கறுத்து, ஒட்டிக்கொள்ளும் ஒருவிதக் கசப்பைத் தரும். அதை எந்த ஈஸ்ட்டாலும் சரிசெய்ய முடியாது.